மேஜர் கழுத்தில் நாலாவது கட்டி

மாடன் சத்தியம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சும்மா வாய் வார்த்தையா அது? அச்சன்புதூர் வயக்காட்டோரம் இருக்கும் சுடலை பீடத்தில் உள்ளங்கையை ஓங்கி அறைந்து, "எந்தங்கச்சி மேல இன்னொரு தடவை அவ புருசன் கை விழுந்துச்சுன்னா, அந்தக் கை அவன் ஒடம்புல இருக்காது சாமி" என்று தங்கச்சி வள்ளித்தாயின் கண்ணெதிரே செய்த சத்தியம். சுடலைக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டு நன்றாக இருந்தவன் எவனும் அந்தப் பக்கத்தில் இல்லை. மாடனும் மீறுகிற ஆள் இல்லை.

வள்ளித்தாய்க்கு அண்ணனை நினைத்தால்தான் பயம். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணிக்கு இப்போது நிறைமாசம். ஒரு வெட்டு விழுந்தால் போதும், அண்ணனுக்குத் தூக்கோ ஜெயிலோ, அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். புருஷன் அடிக்கிற அடியைக்கூடத் தாங்கிவிடலாம். அது அண்ணன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

புருஷன் குற்றாலிங்கத்திடம் இந்தச் சத்தியத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. விட்டால், "வரச் சொல்லுட்டி உங்க அண்ணன" என்று அவனும் அரிவாளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஏற்கெனவே எரிகிற வீட்டில் யாராவது எண்ணெயை ஊற்றுவார்களா?

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு முயல் வளர்ந்தது.

குற்றாலிங்கம் பட்டாளத்தில் இருந்தவன். வெலிங்டன் ராணுவ முகாமில் கால் முறிந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பியபோது டிரங்குப் பெட்டியோடு ஒரு கூடையும் கொண்டுவந்தான். கூடைக்குள் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளை முயல். பெயர் மேஜர். குற்றாலிங்கத்துக்கு இப்போது ரைஸ் மில்லில் மேஸ்திரி வேலை. மில்லிலிருந்து வந்ததும் முயலை மடியில் போட்டுக்கொண்டு, கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் கொஞ்சிக்கொண்டு கிடப்பான். அந்த மனுஷனுக்குள் ஈரமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்த ஈரம் அத்தனையும் முயலுக்கே செலவாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த முயலுக்குத்தான் கழுத்துக்குப் பின்னால் கட்டி வந்தது. முதலில் துவரம்பருப்பு அளவு. பிறகு கொட்டைப்பாக்கு. குற்றாலிங்கம் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிதுக்கினான். திரிந்த பால் மாதிரி வெள்ளையாய் ஏதோ வந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாசத்தில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி. மறுபடியும் பிதுக்கல். மூன்று தடவை இப்படி ஆயிற்று.

வீட்டில் இருந்த குற்றாலிங்கத்தின் விதவை அக்காள் முப்பிடாதியம்மாள், பெரிய கோவில் தெப்பக்குளத்தில் ஒரு அச்சு வெல்லம் போட்டுவிட்டு வந்தாள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டி கரையும் என்பது ஐதீகம். மனுஷனுக்கு வேண்டிக்கொள்வார்கள், மாட்டுக்கு வேண்டிக்கொள்வார்கள். முயலுக்கு வேண்டிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பிதுக்காதீங்க. உள்ளே தோல் மாதிரி ஒரு பை இருக்கு. அந்தப் பை இருக்கிறவரைக்கும் திரும்பத் திரும்ப வரும். நல்லா திரண்டதும் கொண்டு வாங்க, பையோட எடுத்துடறேன். முக்கியமா புண்ணுல தண்ணி படக் கூடாது, அருவித் தண்ணியும்தான்."

குற்றாலிங்கத்துக்குக் கோபம் மூக்கு நுனியில். "குத்தாலத் தண்ணி படக் கூடாதாம்! மேல இருக்க மூலிகை எல்லாத்தையும் கழுவிக்கிட்டு வருத தண்ணிய, எங்கெங்கயோ இருந்து சனம் ரயிலேறி வந்து தலையில வாங்கிக்கிட்டுப் போகுது. மதுரைப் பக்கத்தான் வந்து எனக்குச் சொல்லுதான்!"

அது அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய வீம்பு. அருவியைக் குறை சொன்னால் பெற்ற தாயைச் சொன்ன மாதிரி. அன்றிலிருந்து சாரல் விழுந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முயலைத் தூக்கிக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினான். வள்ளித்தாயையும் கூட வரச் சொன்னான்.

புலியருவியில் கூட்டம் இல்லை. மெயினருவியில் வெள்ளம் என்று சனமெல்லாம் அங்கே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முயலின் காதையும் முதுகுத் தோலையும் சேர்த்துப் பிடித்து, அருவி விழுகிற இடத்தில் நீட்டினான். எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டிருந்த நாலாவது கட்டி மேல் தண்ணீர் அடித்தது.

முயல் கத்துவதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வாயில்லா ஜீவன் என்றால் அதுதான். அது அன்றைக்குக் கத்தியது. பச்சைப்பிள்ளை வீறிடுகிற மாதிரி ஒரே ஒரு கத்தல். பின்னங்கால்களை உதறியது. பிறகு உடம்பு விறைத்துப்போய்த் தொங்கியது.

"செத்திரும்! விடுங்க, செத்திரும்!" என்று வள்ளித்தாய் பாறையில் வழுக்கிக்கொண்டே ஓடி முயலைப் பறித்தாள். பறித்த வேகத்தில் அவள் விரல் பட்டுக் கட்டி ஓரத்தில் பிளந்துகொண்டது. வெள்ளையும் சிவப்புமாக வழிந்தது.

"ஏட்டி! கொன்னுட்டியே!"

கேட்கவா வேண்டும்? அவள் கொண்டையைச் சேர்த்துப் பிடித்துப் பாறையோடு மோதினான். அவள் முயலை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டதால் தோள்தான் மோதியது. கல் மோதிரம் போட்ட கையால் அந்தத் தோளிலேயே நாலைந்து குத்து. அடிவயிற்றுக்கு வந்த உதை தொடையில் விழுந்தது. அருவி இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பார்க்கிற தூரத்தில் நின்ற ஒரு கிழவர், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடி ஓய்ந்த பிறகு அவன் முதலில் கேட்டது, "மூச்சு இருக்கா?" என்று. முயலைத்தான் கேட்டான்.

"இருக்கு" என்றாள் வள்ளித்தாய்.

முயலை ஈரமில்லாத துண்டில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தோள் நெருப்பாய் எரிந்தது. அவள் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நல்ல வேளை, முகத்தில் படவில்லை. முந்தானையால் மூடிக்கொள்ளலாம். அண்ணன் எப்படியும் ரெண்டு வாரத்துக்கு வர மாட்டான்.

வீட்டு வாசலில் மாடனின் செருப்பு கிடந்தது.

பார்த்ததும் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே மாடன், கொண்டுவந்த பலாப்பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முப்பிடாதியம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். சேற்றுவெடிப்புக் காலும், உரலைத் தூக்கி மாற்றி வைக்கிற தோளுமாக இருப்பான். அதிகம் பேச மாட்டான்.

"என்னம்மா, மொகம் வெளிறிக் கெடக்கு?"

"சாரல்ல நனைஞ்சேம்லா, அதான்."

"தோளப் பிடிச்சிருக்க?"

"இந்த முயலு பிறாண்டிட்டு அண்ணே."

குற்றாலிங்கத்துக்கு இந்தப் பேச்செல்லாம் காதிலேயே விழவில்லை. அவன் கவலை அவனுக்கு. "மச்சான், நல்ல நேரத்துல வந்திய. மாட்டு டாக்டரு மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட அங்கிட்டுக் கிராமத்துக்குப் போயிருக்கானாம். இந்தக் கட்டி ஒடைஞ்சுபோச்சு. நீங்க கெடாக்குட்டிக்கெல்லாம் கட்டி அறுத்தவருதான? இதையும் அறுத்து விட்டிருங்க. மேஜர் போயிட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

இப்போது மட்டும் மனுஷனாக இருக்கிறானாக்கும்!

மாடன் முயலை வாங்கிக் கட்டியைத் தடவிப் பார்த்தான். "இன்னும் உள்ள உருளுது மாப்பிள. பையோட எடுத்திரலாம். சவரக்கத்தி இருக்கா?"

பட்டாளத்துச் சவரக்கத்தி இருந்தது. முப்பிடாதியம்மாள் வெந்நீர் கொதிக்கவைத்துக் கத்தியையும் முள்வாங்கியையும் அதில் போட்டாள். புறவாசலில், அம்மிக்குப் பக்கத்தில், கோணியை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். குற்றாலிங்கம் முயலின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டான். வள்ளித்தாய் தலையையும் முன்னங்கால்களையும் இரண்டு கையாலும் பிடித்தாள். நடுவில் கத்தியோடு மாடன்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. நான் சொல்லுதவரைக்கும் யாரும் கைய எடுக்கக் கூடாது. இது ஒரு துள்ளு துள்ளுச்சுன்னா கத்தி கழுத்து நரம்புல எறங்கிரும்."

முடியை வழித்தான். கட்டி பிளந்த வாயிலிருந்து மெல்ல ஒரு கீறல். முயல் உடம்பு படபடவென்று அடித்துக்கொண்டது. வள்ளித்தாய் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள். இறுக்கியதில் முந்தானை நழுவியது. ஈர ரவிக்கையின் கழுத்து ஒரு பக்கமாய் இறங்கித் தோள் வெளியே தெரிந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூட வேண்டும் என்றால் முயலை விட வேண்டும். விட்டால் முயல் சாகும்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். மாடன் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்றிக் கறுத்த தோல். அதற்குள் கல் மோதிரத்தின் சதுரம் சதுரமான தடங்கள். எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு.

"அண்ணே..." என்றாள்.

"கைய எடுக்காத" என்றான் மாடன்.

அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்து மறுபடி வேலையைப் பார்த்தான். வெள்ளைச் சலத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். முள்வாங்கியை உள்ளே விட்டு, பையின் ஓரத்தைப் பிடித்து, பிய்ந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாய் உரித்தான். புளியங்கொட்டைத் தோல் மாதிரி முழுசாய் வெளியே வந்தது. வாழை இலையில் வைத்தான். மஞ்சளை வைத்து அழுத்தி, துணி சுற்றினான். அவன் கத்தட்டும், ஏசட்டும், எழுந்து அடிக்கட்டும் என்று இருந்தது வள்ளித்தாய்க்கு. அந்த நிதானத்தைத் தாங்க முடியவில்லை.

"பை வந்துட்டு மாப்பிள. இனிமே வராது."

"தெய்வம் மச்சான் நீங்க!" குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கியேவிட்டது.

மாடன் கத்தியை வேட்டியில் துடைத்தான். "எந்தக் கை?"

"என்னது?"

"எந்தங்கச்சிய அடிச்சது எந்தக் கைன்னு கேக்கேன். மோதிரம் கெடக்கே, அந்தக் கைதான?"

குற்றாலிங்கம் பயந்தவன் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முயலின் காலை விட்டான். "எம்பொண்டாட்டிய நான் அடிப்பேன், கொல்லுவேன். கேக்க நீ யாருலே?" என்று சொல்லி முடிக்கும் முன்பே காலைத் தூக்கி மாடனின் நெஞ்சில் உதைத்தான்.

மாடன் மல்லாந்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே கத்தியை வீசினான். குற்றாலிங்கத்தின் முன்கையில் ஒரு கோடு விழுந்து ரத்தம் பொங்கியது. அவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி எறிந்தான். மண்குடம் மாடனின் நெற்றியில் உடைந்து சிதறியது. கண்ணில் ரத்தம் இறங்க, அப்படியே எழுந்து முட்டினான் மாடன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். குற்றாலிங்கம் மாடனின் காதைக் கடித்தான். மாடன் முழங்காலால் அவன் அடிவயிற்றில் இடித்தான். கோழிக்கூடு சாய்ந்தது, துளசி மாடத்தில் மோதினார்கள், சேறும் ரத்தமுமாய் உருண்டார்கள்.

"ஐயோ, விடுங்கலே! எந்தம்பிய விடுலே!" முப்பிடாதியம்மாள் வாசல்படியில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

வள்ளித்தாய் ஓடிப்போய் முயலை அவள் கையில் திணித்தாள். திரும்பிப் பார்த்தபோது மாடன் மேலே, குற்றாலிங்கம் கீழே. மாடன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வலது கையை இழுத்து அம்மிக்கல் மேல் வைத்து மணிக்கட்டோடு அமுக்கியிருந்தான். சவரக்கத்தி மேலே எழும்பியிருந்தது.

"சுடலை மேல ஆணையிட்டிருக்கேன்லே."

"அண்ணே, வேண்டாம்ணே! ஒம்பொம்பளப் புள்ளைகளப் பாருண்ணே!"

"நீ வெலகு வள்ளி. சாமி வாக்கு. கை வந்தாகணும்."

அவன் விட மாட்டான். விடச் சொல்லி அழுதாலும் விட மாட்டான். மணிக்கட்டில் அந்தக் கத்தி இறங்கினால் புருஷன் பிழைக்க மாட்டான். அண்ணன் தூக்குக்குப் போவான். நிறைமாசக்காரி அண்ணி வாசலில் உட்கார்ந்து அழுகிற சத்தம் வள்ளித்தாயின் காதில் அப்போதே கேட்டது. கூடவே இன்னொன்றும் அவளுக்குள் மூண்டது. அது அச்சம் இல்லை. இத்தனை வருஷம் வாங்கிய அத்தனை அடிக்குமான ஆத்திரம்.

அம்மிக் குழவி பக்கத்தில் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கினாள். தலைக்கு மேல் கொண்டுபோனாள். மோதிரம் போட்ட அந்தக் கையின் மேல் போட்டாள்.

எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் அலறிய அலறலில் தெருக்கோடி வரைக்கும் கதவுகள் திறந்தன.

"கை போயிட்டுண்ணே" என்றாள் வள்ளித்தாய், மூச்சு வாங்க. "சாமி கேட்ட கை போயிட்டு. நீ கத்தியக் கீழ போடு."

மாடன் அந்தக் கையைப் பார்த்தான். விரல்கள் திசைக்கொன்றாய்க் கிடந்தன. தங்கச்சியைப் பார்த்தான். கத்தி அவன் கையிலிருந்து தானாக விழுந்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஸ்டேஷனுக்கு ஓடியிருக்க வேண்டும். கடையநல்லூர்க்காரரான ஏட்டு துல்கர்னைன் இன்னொரு போலீஸ்காரரோடு வந்து சேர்ந்தார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: சட்டையெல்லாம் ரத்தமாய் மாடன், காலடியில் சவரக்கத்தி, கையைப் பிடித்துக்கொண்டு புழுவாய்த் துடிக்கிற குற்றாலிங்கம்.

"யாரு செஞ்சா?"

குற்றாலிங்கம் வலியிலும் யோசித்தான். பெண்டாட்டி அடித்துக் கை ஒடிந்தது என்று தெரிந்தால் மில்லில் நாளைக்கு எவன் மதிப்பான்? பட்டாளத்துக்காரன் என்று மீசையை முறுக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "மாடன்தான். வீடு பொகுந்து என்னயக் கொல்ல வந்தான்."

"பொய்!" வள்ளித்தாய் முன்னே வந்தாள். "நான்தான் ஏட்டையா. குழவிக்கல்லத் தூக்கிப் போட்டது நான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏட்டுக்கும் நம்பிக்கை வரவில்லை. "கூடப் பொறந்தவனக் காப்பாத்தணும்னு சொல்லுத. புரியுது தாயி. தள்ளி நில்லு." போலீஸ்காரர் மாடனின் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் துண்டால் கட்டினார். மாடன் திமிறாமல் நின்றான். தங்கச்சி பெயரைச் சொல்லித் தப்பிக்க அவனுக்கு வாய் வருமா?

"நான்தான்! நம்புங்க ஏட்டையா, நான்தான்!" வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். எதைத் தடுக்க அந்தக் கல்லைத் தூக்கினாளோ அது அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"ஏக்கா!" குற்றாலிங்கம் வாசல்படியைப் பார்த்துக் கூப்பிட்டான். "நீ பாத்தேல்லா? மாடன்தான் அடிச்சான்னு சொல்லு. ஏட்டையாட்டச் சொல்லு."

எல்லோரும் முப்பிடாதியம்மாளைப் பார்த்தார்கள். வள்ளித்தாய்க்கு அந்த நிமிஷமே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அம்மை செத்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று எத்தனை ராத்திரி இவளுக்குப் புத்தி சொன்னவள். தம்பியை அவள் விட்டுக் கொடுப்பாளா?

முப்பிடாதியம்மாள் முயலை மடியிலிருந்து இறக்கவில்லை. அங்கிருந்தபடியே பேசினாள்.

"மச்சான்காரன் கத்திய ஓங்கினது நெசம். கைய ஒடச்சது இவதான். எங்கண்ணால பாத்தேன்."

"அக்கா!"

"கத்தாதலே. தாயில்லாப் பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்தவ நான். இவ தோளப் பாருங்க ஏட்டையா. முயலுக்கு ஒரு கட்டின்னா இவன் அழுவான். இவள மட்டும் மாட்ட அடிக்கித மாதிரி அடிப்பான். நானும் இத்தன வருசமா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். ஒரு கை ஒடிஞ்சதோட விட்டாளேன்னு சந்தோசப்படு."

ஏட்டு வள்ளித்தாயின் தோளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாடனின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"நீரும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுத்துட்டுத்தான் போணும் மாடன்." பிறகு வள்ளித்தாயிடம் திரும்பினார். சொல்ல அவருக்கே மனசில்லை. "அப்ப... கேஸு ஒம்மேலதாம்மா வருது. நீ வரணும்."

"வாரேன்" என்றாள் வள்ளித்தாய்.

மாடன் அப்போதுதான் உடைந்தான். "நான் பண்ணுன சத்தியத்துக்கு நீ ஏன்ட்டி போற?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"எழுதிக் குடுத்துட்டு மொத பஸ்ஸுல ஊருக்குப் போ அண்ணே. அண்ணிக்கு வலி எடுத்தாலும் எடுத்திரும்."

"எழுதுங்க ஏட்டையா, கொலைக் கேஸா எழுதுங்க! இவள விடவே மாட்டேன்!" குற்றாலிங்கம் தரையில் கிடந்து கத்தினான். வைத்தியரைக் கூப்பிடக்கூட யாரும் அசையவில்லை.

வள்ளித்தாய் வாசலில் இறங்கினாள். தெரு முழுக்க சனம். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படியே, எல்லோரும் பார்க்கும்படி, ஏட்டுக்கு முன்னால் நடந்தாள்.